‘வல்லவ’னைக் கேட்ட செவிகள்

2006ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சனிக்கிழமை மாலை, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலிருந்த குறுவட்டுக் கடை ஒன்றில் நுழைந்து, “வல்லவன் இருக்கிறதா?” என்று கேட்டேன். கடைக்காரத் தம்பி சற்றும் தயங்காமல் சிலம்பரசன் நடித்த திரைப்படத்தின் பாடல் வட்டை எடுத்து நீட்டினார். அதே ஆண்டில் அதே பெயரில் தமிழகத்திலிருந்து ஒரு படம் வந்திருந்தது. நான் கேட்டது அதுவன்று, நம் நாட்டுப் பிள்ளைகள் மூவர் செய்த தொகுப்பு என்று விளக்கினேன். “ஓ, லோக்கல் வல்லவனா சார்?” என்றவர், கல்லாவுக்குப் பின்னாலிருந்த அடுக்கைத் துழாவி அதனை எடுத்தார். ‘லோக்கல்’ என்ற அந்தச் சொல்லை அவர் உச்சரித்த தொனியை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த வட்டைத் தேடிச் சென்றதற்கு இசையார்வம் காரணமன்று. கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அப்போது ஆறாம் ஆண்டு மாணவர்க்குத் தமிழ் போதித்து வந்தேன். தோட்டம் துண்டாடப்பட்டபின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த குடும்பத்துப் பையன் ஒருவன் அவ்வகுப்பில் இருந்தான். கட்டுரை என்றால் மூன்று வரிக்குமேல் அவன் கை ஓடாது. செய்யுள் மனனம் என்றால் தலைகுனிந்து நிற்பான். ஒருநாள் அவனுடைய மேசைக்கடியிலிருந்து பயிற்சி நோட்டு ஒன்றைப் பறிமுதல் செய்தேன். நான்கு பக்கங்களில் நெருக்கமாக ஏதோ எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் மலிந்து பொருள் விளங்காமற் கிடந்தாலும், எழுதியிருந்தது தமிழே. என்ன இது என்று கேட்டதற்கு, “வல்லவன் பாட்டு ஐயா. கேட்டுக் கேட்டு எழுதினேன்,” என்றான்.

சொல்வதெழுதுதலில் பத்துக்கு மூன்று மதிப்பெண் பெறுகிறவன், ஒருவரும் பணிக்காமலே, விரைந்தோடும் குரலை நிறுத்தி நிறுத்திக் கேட்டு நான்கு பக்கம் எழுதியிருக்கிறான்! ஆசிரியன் என்ற முறையில் நான் செய்ததோ, பள்ளியில் இத்தகையன எழுதலாகாது என்று கண்டித்து, நோட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான். அன்றிரவு உறக்கம் வரவில்லை. கேளாமலே தீர்ப்பளித்துவிட்டோமே என்ற உறுத்தலே என்னைப் பிரிக்பீல்ட்சுக்கு அனுப்பியது.

‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டவர்கள் ‘யோகி பியும் நட்சத்திராவும்’ என்னும் குழுவினர். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்பன அம்மூவரின் மேடைப் பெயர்கள். குழுவுக்கு இதுவே முதல் தொகுப்பு. எனினும் யோகி பி இத்துறைக்குப் புதியவர் அல்லர். 1998இல் முதல் தொகுப்பை வெளியிட்ட ‘பொயடிக் அம்மோ’ என்னும் மலேசியக் குழுவில் அவர் ஒருவர். அக்குழு பெரிதும் ஆங்கிலத்தில் இயங்கியது. அங்குக் கற்றதைத் தாய்மொழிக்குக் கொண்டுவந்ததன் பயனே ‘வல்லவன்’. தமிழில் ‘ராப்’ என்னும் சொல்லிசை அதற்குமுன் இல்லாமலில்லை. 1994இல் வந்த ‘காதலன்’ படத்தின் பேட்டை ராப்பை அறியாதார் யார்? ஆயின் அது திரைக்கதையின் ஓரத்தில் அமைந்த ஒரு வேடிக்கைப் பாட்டு. ஒரு தொகுப்பு முழுவதையும் சொல்லிசையாகவே, திரைப்படத்தின் துணையின்றி, தமிழில் அமைத்துக் காட்டியதே இம்மூவரின் துணிவு.

இளைஞர்கள் நாலைந்து பேர் கூடி, பயிற்சி முற்றுமுன்பே கருவியைக் கையிலெடுத்துப் பாடத் தொடங்குவது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1961இல் கிளிப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் பாடிச் சென்றபின், சிங்கையிலும் மலாயாவிலும் மின்கித்தார்க் குழுக்கள் எங்கும் தோன்றின. மலாய்க்காரர் அவற்றை ‘குகிரான்’ என்று சுருங்க அழைத்தனர். அதே பத்தாண்டில் அமெரிக்காவில் வீட்டுக் கார்க்கொட்டகைகளில் ஒத்திகை பார்த்த பையன்களின் இசைக்கு, அக்கொட்டகையின் பெயராலேயே ‘கராஜ் ராக்’ என்று பெயர் வழங்கலாயிற்று. நம்மவருள்ளும் பினாங்கின் ‘அலிகேட்ஸ்’ குழுவினரான டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் பெரும்பாலும் மலாய்ப் பாடல்களாலேயே நாடறிந்த கலைஞராயினர். அவர்களை நம் பிள்ளைகள் என்று நாம் பாராட்டினோம். தமிழை வளர்த்தார்களா, சிதைத்தார்களா என்று எவரும் விசாரணை வைக்கவில்லை. மலாயில் பாடியவர்க்குக் கிடைத்த அந்தத் தாராளம் தமிழில் பாட வந்தவர்க்குக் கிடைக்கவில்லை என்பதை இங்குக் குறித்துவைக்க விரும்புகிறேன்.

வட்டை வாங்கி வந்தபின், ஏறத்தாழ ஓராண்டுக் காலம், எங்குச் சென்றாலும் இத்தொகுப்பைப் பற்றிக் கேட்பது எனக்கு வழக்கமாயிற்று. ஆசிரியர் அறையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையிலும், விடுமுறைக்காலப் பயிற்சிகளில் நான் சந்தித்த இளம் ஆசிரியர்களிடமும் கேட்டேன். கிடைத்த கருத்துகள் பலவாயினும் அவற்றைச் சில வகைக்குள் அடக்கிவிடலாம்.

“இது பாட்டா, பேச்சா?” என்பது ஆசிரியர் அறையின் கேள்வி. கேட்டவர் மூத்த ஆசிரியர், நல்ல குரல்வளம் உடையவர். அதற்கு மறுமொழியாக இன்னொருவர், வில்லுப்பாட்டும் லாவணியும் நம்மிடம் இல்லையா, இவையெல்லாம் தமிழனிடம் முன்பே இருந்தவைதாம் என்றார். முன்னவர் கூற்றை நான் ஏற்கவில்லை. பின்னவர் கூற்றையும் ஏற்க மனம் வரவில்லை. 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், வறுமைப்பட்ட கறுப்பின இளைஞரிடையே முளைத்த கலை ஹிப் ஹாப். அதனை நம் பாட்டனார் சொத்து என்று உரிமை கொண்டாடுவது அவர்களுக்கும் நியாயமன்று, கடன் பெற்று உழைத்த நம் பிள்ளைகளுக்கும் நியாயமன்று. பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்டதொரு வடிவம் உண்டு என்பதை ஒப்பாரி கேட்ட செவி ஒப்புக்கொள்ளும். அவ்வளவு போதும்.

முடிவெட்டும் கடைக்காரர் கூறியது இதைவிடக் கூர்மையானது. “வாத்தியாரையா, சரக்கு இளையராஜாவுது, கடை மட்டும் இவங்களுது,” என்றார். தொகுப்பின் புகழுக்குக் காரணமான ‘மடை திறந்து’ பாடலைக் குறித்தே அவர் அவ்வாறு சொன்னார். 1980இல் பாரதிராசா இயக்கிய ‘நிழல்கள்’ படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடியது அதன் மூலம். கடைக்காரரின் வழக்கில் உண்மை இருக்கிறது. சொல்லிசை நின்று பழைய மெட்டுத் தலைகாட்டும் இடங்களில் செவி இளைப்பாறுவதை நானே உணர்ந்தேன். தன் சரக்கைவிடக் கடன் வாங்கிய சரக்கு இனிக்கிறதென்றால் அது ஒரு படைப்புக்குக் குறையே.

ஆயினும் அவர்கள் எதைக் கடன் வாங்கினர் என்பதையும் பார்த்தல் வேண்டும். ‘நிழல்கள்’ வேலையற்ற இளைஞரின் கதை. படம் திரையரங்குகளில் தோல்வி கண்டது. இசையமைப்பாளனாகும் கனவோடு வாய்ப்புத் தேடி அலையும் ஒருவன், தனக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்து பாடுவது அப்பாட்டு. வாய்ப்புக் கிடையாத இளைஞனின் கனவுப்பாட்டை, திரைப்படமே தமிழிசை என்று நம்பும் நாட்டில் வாய்ப்புத் தேடும் மூவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இளையராஜாவின் பல நூறு மெட்டுகளுள் இது தற்செயலாக வாய்த்தது என்று நான் கருதவில்லை. காதற்பாட்டொன்றை எடுத்திருந்தால் விற்பனை இன்னும் மிகுந்திருக்கலாம்.

இதனைக் கடைக்காரரிடம் சொன்னேன். தலையை ஒருபக்கம் சாய்த்து, “அதெல்லாம் சரி,” என்று சொல்லிக் கத்திரிக்கோலை எடுத்தார். அவர் மனம் மாறவில்லை. மாற்றியது வேறொன்று. 2007இல் ‘பொல்லாதவன்’ படம் வந்தது. ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்காக விசுவநாதன் அமைத்த ‘எங்கேயும் எப்போதும்’ பாடலுக்கு அதில் புது வடிவம் கொடுத்து, யோகி பியைக் கொண்டு சொல்லிசை சேர்த்திருந்தனர். பழைய மெட்டு, அதன்மேல் சொல்லிசை என்ற அதே முறைதான். அப்பாட்டு அதே கடையில் ஒலித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே, “நம்ம பையன் சார்!” என்றார். சரக்கு யாருடையது என்ற கேள்வி அன்று எழவில்லை.

இது அவர் ஒருவரின் பிழை என்று எழுத என் கை வராது. இந்நாட்டுத் தமிழ்க் கவிதையும் சிறுகதையும் இத்தனை ஆண்டுகளாகக் கண்டுவருவதும் இதுவன்றோ? சென்னை இதழொன்று பாராட்டி நான்கு வரி எழுதிய பிறகே இங்குள்ள நூலகத்தில் நம் எழுத்தாளரின் நூலுக்கு இடம் கிடைப்பதை இத்தொகுதியை வாசிப்போர் அறிவர். பின்னர் ‘ஆடுகளம்’ (2011), ‘விவேகம்’ (2017), ‘காலா’ (2018) என்று யோகி பியின் குரல் தமிழகப் படங்களில் ஒலித்தது. ‘காலா’ வந்த ஆண்டில் ஒரு தேநீர் விருந்தில், முன்னர்ப் பாட்டா பேச்சா என்று கேட்ட அதே மூத்த ஆசிரியர் அக்குரலை வாயாரப் புகழ்ந்தார். நான் ‘வல்லவ’னை நினைவூட்டினேன். “அது வேறே, இது வேறே,” என்றார். எப்படி வேறு என்று அவரும் விளக்கவில்லை, ஓய்வு பெற்ற பெரியவரிடம் நானும் வற்புறுத்தவில்லை.

இனி, எனக்கே பெரும் இடர்ப்பாடாக இருந்த குறைக்கு வருகிறேன். தொகுப்பைக் கேட்ட எவருக்கும் முதலில் தைப்பது அதிலுள்ள தற்புகழ்ச்சி. தலைப்பே ‘வல்லவன்’. நான் இப்படி, என்னை வெல்ல யார் என்ற தோரணை பாட்டுக்குப் பாட்டு வருகிறது. அவையடக்கம் கூறி நூலைத் தொடங்கும் மரபில் வந்தவர்கள் நாம். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்டவர் கம்பர். அந்தச் செவிக்கு இது பொறுக்குமா? விடுமுறைப் பயிற்சியொன்றில் இளம் ஆசிரியர்களிடையே இதனைக் குறையாக எடுத்துரைத்தேன். பின்வரிசையிலிருந்த பெண்ணொருத்தி எழுந்து, “ஐயா, நன்னூல் பாயிரத்தில் இதற்கு விலக்கு இருக்கிறதல்லவா?” என்றார்.

இருக்கிறது. தன்னைத் தான் புகழ்தல் தகுதியன்று என்று விதித்த பவணந்தியார், அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களில் அது புலவனுக்குத் தகும் என்கிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையே இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிராளி தன்னைப் பழிக்கும்போதும் புகழலாம். அந்நூலை ஆண்டுதோறும் எடுத்துச் சொல்லி வந்தவன் நான். ஆயினும் தக்க நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அறுபது பேர் நடுவில் எனக்கு நேர்ந்த அந்த வெட்கம் இனிமையானது.

வீட்டுக்கு வந்து மீண்டும் கேட்டேன். அவர்கள் நிற்கும் இடம் தெளிவாயிற்று. ஆற்றலை அறியாதார் இடை என்பது ‘லோக்கல் வல்லவனா சார்’ என்று கேட்ட கடை. எதிரி பழித்த காலை என்பது எங்கள் ஆசிரியர் அறை. ஒருவரோடொருவர் சொல்லால் பொருதல் ஹிப் ஹாப்பின் பிறப்போடு வந்த வழக்கமாதலால், அவையிடை வெல்லுறு பொழுது அக்கலையின் அடிப்படையே ஆகிறது. நான்கில் மூன்று பொருந்துகிறது. எனினும் பவணந்தியார் அச்சலுகையை அளித்தது புலவனுக்கு. புகழ்ந்துகொண்டபின் அவன் தன் கல்வியைக் காட்டியாக வேண்டும். ‘வல்லவன்’ தொகுப்பில் சில பாடல்கள் காட்டுகின்றன. சில பாடல்கள், வல்லவன் என்று சொல்லித் தொடங்கி, வல்லவன் என்று சொல்லியே முடிந்துவிடுகின்றன. சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டு கடமையை விட்ட இடங்கள் அவை. இதனை அவர்கள்மீது வைக்கத்தக்க நேரிய குற்றச்சாட்டாகக் கருதுகிறேன்.

பெற்றோர் சிலரை அச்சுறுத்தியது வேறு ஒரு சொல். தொகுப்பில் ‘கவிதை குண்டர்’ என்றொரு பாட்டு உண்டு. குண்டர் என்ற சொல் பிற நாட்டுத் தமிழர்க்கு எப்படியோ, நமக்கு அது நாளேட்டின் முதற்பக்கச் சொல். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, நம் சமுதாயம் தலைகுனிந்தது நினைவிருக்கும். கிள்ளானில் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளி வாசலில் யார் காத்திருப்பார் என்று அஞ்சும் தாய்மார்களை நான் அறிவேன். அவர்கள் இத்தலைப்பைக் கேட்டு நடுங்கியதில் வியப்பில்லை. ஆனால் தலைப்பை முழுவதும் படிக்க வேண்டும். கும்பலுக்கு இருந்த கவர்ச்சியைப் பிடுங்கிக் கவிதைக்குக் கொடுக்கும் முயற்சி அது. எவனைக் கண்டு அஞ்சி விலகுகிறோமோ, அவனுடைய நடையையும் உடையையும் எடுத்துக்கொண்டு, கையில் கத்திக்கு மாறாகச் சொல்லை ஏந்தி நிற்கிறார்கள். என் வகுப்புப் பையனைப் போன்றவர்களுக்கு அறிவுரைக் கட்டுரையால் சொல்ல முடியாததை இது சொல்லியிருக்கக்கூடும். உறுதியாகச் சொல்ல என்னிடம் சான்றில்லை.

ஆங்கிலக் கலப்பைக் குறித்து மிகுதியாகப் பேசப்பட்டது. நான் குறைவாகவே பேசுவேன். தொல்காப்பியர் ‘புலன்’ என்றொரு வனப்பைச் சொல்லி, மக்கள் வழங்கும் சேரிமொழியால் ஆராயாமலே பொருள் விளங்கப் பாடுவதை ஏற்றுக்கொண்டாரே என்று இளைஞர் சிலர் வாதாடினர். சேரிமொழி என்பது ஆங்கிலமாகுமா? தமிழில் அடர்ந்து செல்லும் பகுதிகளே இத்தொகுப்பில் வலிமையுள்ளவை என்பதும், மூச்சு முட்டும்போது ஆங்கிலத்தைத் தொட்டுக்கொள்கிறார்கள் என்பதும் என் எண்ணம்.

இத்தனை பேர் இத்தனை கருத்துரைத்தும், உடையையும் தலைமுடியையும் மெட்டின் உரிமையையும் ஆராய்ந்தும், அக்குரல்கள் தமிழ் எழுத்துகளை என்ன செய்கின்றன என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அதனைச் சொன்னது அந்த நோட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டை ஓடவிட்டு, நோட்டை விரித்து, வரிவரியாக ஒப்பிட்டேன். பிழைகளைத் திருத்தத் தொடங்கியவனுக்கு வியப்பே மிஞ்சியது. பையனின் பிழைகள் என்று நான் எண்ணியவற்றுள் கணிசமானவை அவனுடையவை அல்ல. பாடியவர் ழகரத்தை ளகரமாக்கிய இடத்தில் அவன் கேட்டபடியே ளகரம் எழுதியிருந்தான். தாளத்துக்குள் அடக்குவதற்காக நெடிலைக் குறுக்கிய இடத்தில் அவன் குறிலே எழுதியிருந்தான். ஆங்கிலத்தில் உயிரொலி சற்று நீண்டாலும் குறைந்தாலும் பெரும்பாலும் கேடில்லை. தமிழிலோ கால் கல்லாகும், பால் பல்லாகும். பிறமொழித் தாளத்தில் தமிழைப் பொருத்துவோர் முதலில் கடக்க வேண்டிய ஆறு இது. ‘வல்லவன்’ குழுவினர் சில இடங்களில் நீந்திக் கடக்கிறார்கள், சில இடங்களில் நனைகிறார்கள்.

மற்றொன்றும் கண்டேன். எதுகை அமைந்த அடிகளில் பையனின் எழுத்துப் பிழை குறைந்திருந்தது. இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் என்று செவி எதிர்பார்த்திருந்ததால், முதலடியில் சரியாகப் பிடித்த எழுத்தை அடுத்த அடியிலும் சரியாக எழுதியிருக்கிறான். அடியின் கடைசியில் மட்டும் இயைபு வைத்து, ஆங்கில முறையில் முடித்த அடிகளிலோ, முடிவுச்சொல் சரியாகவும் நடுச்சொற்கள் குழம்பியும் கிடந்தன. எதுகைக்கு இலக்கணம் நடத்தியபோதெல்லாம் அது அழகுக்காக என்றே சொல்லிவந்தேன். செவிக்குப் பிடிமானம் தருவதற்காக என்று எனக்குக் காட்டியவன் கடைசி வரிசைப் பையன். தமிழ்ச் சொல்லிசை தமிழாக நிற்பது எதுகையும் மோனையும் முன்னின்று நடத்தும் அடிகளில்தான் என்று நான் கூறுவதற்கு அந்த நான்கு பக்கங்களே ஆதாரம்.

திருத்தும்போது இரண்டு பேனாக்களைப் பயன்படுத்தினேன். பையனின் பிழைகளுக்குச் சிவப்பு, பாடியவர் பிழைகளுக்கு நீலம். திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவனை நிறுத்தி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பறித்தது தவறு என்றும் சொன்னேன். அவன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பக்கங்களைப் புரட்டி, நீல வட்டங்கள் எதற்கு என்று கேட்டான். விளக்கினேன். நெடுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றவன், “அப்ப அவங்களுக்கும் மார்க் குறையுமா ஐயா?” என்று கேட்டான். குறையும் என்றேன். நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பள்ளிப் பேருந்தைப் பிடிக்க ஓடினான்.